தோப்பை அடமானம் வைக்கறதுக்கு முன்னாடி பாப்பா ஒரு போர்டு போட்டுப் பாக்கட்டும்ங்ணா

போன சனிக்கிழமை பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு அண்ணாவும் அக்காவும் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. தென்னந்தோப்பு, ரெண்டு மாடு, பாப்பா பிளஸ் டூ முடிச்சிருக்கு, ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்தான், கட்ஆஃப் 150ஐ ஒட்டி. அண்ணா கையில ஒரு பிளாஸ்டிக் கவர், மார்க் ஷீட்டாதான் இருக்கும்னு வாங்கிப் பாத்தா தோப்புப் பத்திரத்தோட ஜெராக்ஸ். எதுக்குங்ணா இதுன்னு கேட்டேன். மச்சான் சென்னையில ஐடில இருக்காரு, ஒரு தனியார் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டால கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லி வச்சிருக்காரு, நாலு வருஷத்துக்கு 12 லட்சம் ஆகுமாம், திங்கக்கிழமை பேங்க்குக்குப் போறோம், அதுக்குள்ள உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தோம்ங்கறாரு.

ஒரு வார்த்தையாம். நானும் மொதல்ல எல்லாரும் சொல்ற மாதிரி பயப்படாதீங்க, நல்லதே நடக்கும்னுதான் ஆரம்பிச்சேன். அப்பத்தான் அக்கா பையில இருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்து டேபிள்ல வச்சாங்க, "படிக்கற நேரத்துல இதையே நோண்டிட்டிருக்கா சார், நீங்களே சொல்லுங்க"ன்னு.

தொறந்து பாத்தேன். ஓட்டை ஓட்டையா இருக்கிற டாட் போர்டுல மூணு பிசி547 டிரான்சிஸ்டர், மூணு எல்இடி, ஒரு பஸ்ஸர். தொட்டில தண்ணி கால்வாசி, பாதி, ஃபுல்லுன்னு காட்டற சமாச்சாரம். யூடியூப் பாத்து யார் வேணாலும் பண்ணலாம், அதுல ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா ஓரத்துல ஒரு புஷ் பட்டன் இருந்துச்சு. இது எதுக்கு கண்ணுன்னு கேட்டேன், அதுவரைக்கும் வாயே தொறக்காத பொண்ணு சொல்லுது: "எந்நேரமும் கரன்ட் போய்ட்டே இருந்தா தண்ணிக்குள்ள இருக்கிற செம்புக் கம்பி பச்சையாகி அரிச்சுப் போகுதுங்க சார், ரெண்டு தடவ மாத்திட்டேன், அதான் பட்டன் அமுக்கினா மட்டும் போற மாதிரி மாத்திட்டேன்."

அது மின்னாற்பகுப்பு. டிசி வோல்டேஜ் குடுத்தா பாசிட்டிவ் பக்கத்துக் கம்பி கொஞ்சங் கொஞ்சமா கரையும், விக்கற சென்சார்லயும் அதனாலதான் சின்னச் சின்ன பல்ஸா குடுப்பாங்க, இல்ல ஏசி குடுப்பாங்க. புக்ல பாடமா படிச்சு பரீட்சையில எழுதற புள்ளைங்க ஆயிரம் இருக்கு, தொட்டிக்குள்ள பாத்து இதுதான் காரணம்னு புடிச்சு அதுக்கு ஒரு வழியும் பண்ணின புள்ளை இது. இங்கயே நான் ஆறுதல் சொல்றதை நிறுத்திட்டேன்.

அண்ணா, நேராவே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த 12 லட்சம் வேண்டாம். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்ச புள்ளைங்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021ல இருந்து இருக்கு, அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கமே கட்டுது. புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா தனி. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போனா அந்த 7.5ஐ நீங்களே தூக்கிக் குப்பையில போட்ட மாதிரி. இவ்ளோ நாளா கவர்மென்ட் ஸ்கூல்னு கூச்சப்பட்டுப் பேசினீங்க பாருங்க, அதுதான் உங்க பொண்ணுகிட்ட இருக்கிற பெரிய சொத்து, தோப்பு இல்ல.

மச்சான் கெட்டவர்னு சொல்லல. அவர் ஏறி வந்த ஏணியை மத்தவங்களுக்கும் காட்டறாரு, அவ்ளோதான். கம்ப்யூட்டர் சயின்ஸும் மோசமான படிப்பு இல்ல, கோடு எழுதறதுல ஆசை இருக்கிற புள்ளைக்கு அது தங்கம். இந்தப் பொண்ணுக்கு அந்த ஆசை இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா? "ஏசி ரூம், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துரலாம்"னு மச்சான் சொன்னாராம். ஐடில ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தவங்களை அவருகிட்டயே காட்டச் சொல்லுங்க. பெரியம்மா ஒருத்தங்க வேற, பொம்பளப்புள்ள சால்டரிங் அயர்ன் புடிச்சா நாளைக்கு யாரு கட்டிக்குவான்னு கேட்டாங்களாம். அதுக்கெல்லாம் நான் பதில் எழுதப் போறதில்ல.

கவுன்சலிங் ரவுண்டு, சாய்ஸ் ஃபில்லிங் எல்லாம் நூறு பேரு வீடியோ போட்டிருக்காங்க, அதைப் பாத்துக்கோங்க. இசிஇயோ ட்ரிபிள்இயோ எது கிடைச்சாலும் சரி. நான் சொல்ல வந்தது வேற, அதை யாரும் சொல்றதில்ல. பிசிபி டிசைன், அதாவது சர்க்யூட் அட்டை வரையறது.

உங்க தோப்புல மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்குல்ல, வீட்டுல உக்காந்து செல்போன்ல கால் பண்ணினா மோட்டார் ஓடுதே, சிங்கிள் பேஸ் வந்தா தானே நின்னுக்குதே, கிணத்துல தண்ணி இல்லைன்னா ட்ரை ரன்ல கட் ஆகுதே, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு பச்சை அட்டை இருக்கும் பாருங்க. அந்த அட்டையில எந்தப் பாகம் எங்க உக்காரணும், எந்தக் கோடு எவ்ளோ அகலத்துல எந்தப் பக்கமா ஓடணும்னு ஒருத்தர் வரைஞ்சிருப்பாரு. அதுதான் அந்த வேலை. கோயம்புத்தூர்ல பம்ப்புக்கு கன்ட்ரோலர் பண்றவங்க, ஸ்டெபிலைசர் பண்றவங்க, டெக்ஸ்டைல் மெஷினுக்கு போர்டு பண்றவங்கன்னு சின்னதும் பெருசுமா இருக்காங்க, ஓசூர் பக்கம் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்தப்புறம் அங்கயும் இந்த ஆளுங்களுக்குத் தேவை இருக்கு. ஒண்ணு மட்டும் கவனமா கேட்டுக்கோங்க, ஃபேக்டரியில லைன்ல நின்னு போன் அசெம்பிள் பண்றது வேற, டிசைன் பண்றது வேற. எலக்ட்ரானிக்ஸ்னு சொன்னாலே ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுன்னு நெனைச்சுக்கறாங்க.

இதைக் கத்துக்க கோர்ஸ் சேரணுமான்னு அக்கா கேட்டாங்க. காசு குடுத்து எதுலயும் இப்ப சேராதீங்க. அண்ணன் பையன் படிச்சப்ப வாங்கின பழைய அரசு லேப்டாப் வீட்டுல சும்மா கெடக்குதாம், அது போதும். பெரிய சாஃப்ட்வேர் எதையும் அதுல ஏத்த முடியாது, ஏத்தவும் வேண்டாம், குரோம் தொறந்தா போதும், பிரவுசருக்குள்ளயே ஓடற சர்க்யூட் டிசைன் சாஃப்ட்வேர் இருக்கு. போன்ல முயற்சி பண்ணாதீங்க, விரல்ல தொட்டு ஒயர் இழுக்கறதுக்குள்ள வெறுத்துப் போயிரும்.

இனி பாப்பாவுக்குச் சொல்றேன். மொத ஒரு வாரம் ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர் மட்டும், சர்க்யூட்டை ஸ்கிரீன்லயே ஓட்டிப் பாக்கறது. பால் ஃபால்ஸ்டாட்ங்கறவர் எழுதினது, லாகின் கூட கேக்காது. மஞ்சப் புள்ளிங்க ஓடறதுதான் கரன்ட், பச்சைக் கோடு பாசிட்டிவ் வோல்டேஜ், சிவப்பு நெகட்டிவ், சாம்பல் கிரவுண்ட். 12 வோல்ட்ல ஒரு சிவப்பு எல்இடி எரியணும்னா எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கும், மீதி 10 வோல்ட், 20 மில்லிஆம்ப் போகணும்னா 10ஐ 0.02ஆல வகுத்தா 500 ஓம் ரெசிஸ்டர். கடையில 500 கெடைக்காது, 470 இல்லைன்னா 560, நீ 560 போடு, 18 மில்லிஆம்ப் போகும். கணக்கைப் போட்டுட்டு அப்புறம் சிமுலேட்டர்ல பாரு, பாத்துட்டு கணக்குப் போடாத. அப்புறம் ஒரு ரிலே, அதாவது சின்ன கரன்ட்ல பெரிய கரன்ட்டை ஆன் ஆஃப் பண்ற ஸ்விட்ச், அதோட காயிலை வச்சு, டயோடு இல்லாம டிரான்சிஸ்டரை ஆஃப் பண்ணிப் பாரு, வோல்டேஜ் எங்கயோ எகிறும், அதே காயிலுக்குக் குறுக்க ஒரு 1என்4007 டயோடை திருப்பிப் போட்டா அடங்கிரும். ரிலே போட்டதும் டிரான்சிஸ்டர் செத்துச் செத்துப் போகுதுன்னு சொன்னியே, காரணம் அதான்.

டிங்கர்கேட்னு ஆட்டோடெஸ்க் கம்பெனியோடது ஒண்ணு இருக்கு, பிரெட்போர்டு, ஆர்டுயினோ, மல்டிமீட்டர் எல்லாம் படமா வரும், ரெசிஸ்டர் இல்லாம எல்இடி போட்டா வெடிக்கிற மாதிரி காட்டும். சின்னப் புள்ளைங்களுக்கு ரொம்ப நல்லது, நீ அதைத் தாண்டிட்ட. ஈஎஸ்பி32ங்கற சின்ன கன்ட்ரோலர் சிப்பை ப்ரோகிராம் பண்ணிப் பாக்கணும்னு தோணினா வோக்வி இருக்கு. ஐஐடி பம்பாய்ல ஃபாஸி திட்டத்துல பண்ணின ஈசிம்னு ஒரு இலவச சர்க்யூட் சாஃப்ட்வேர் இருக்கு, அதுக்கும் பிரவுசர் வடிவம் உண்டு, அவங்களோட ஸ்போக்கன் டுடோரியல்ல தமிழ்ல டப் பண்ணின பாடங்களும் இருக்கு.

ஆனா அந்தத் தண்ணித் தொட்டி சமாச்சாரத்தை ரிலேவோட போர்டா வரையறதுக்கு, பிரவுசர்ல ஓடற ஈசிஈடிஏதான் தொறக்கணும். ஸ்டாண்டர்டு, ப்ரோன்னு ரெண்டு இருக்கும், ஸ்டாண்டர்டு போதும். மொதல்ல ஸ்கிமேட்டிக், அதாவது நோட்டுல நீ வரைவியே அதே படம். லைப்ரரியில தேடி பாகத்தை எடுத்து வை, டபிள்யூ அமுக்கினா ஒயர் வரும். இங்கதான் முக்கால்வாசி பேரு விழறது: ஒவ்வொரு பாகத்துக்கும் ஃபுட்பிரின்ட்னு ஒண்ணு இருக்கும், போர்டுல அதோட கால் எந்த வரிசையில எவ்ளோ இடைவெளியில இருக்கும்ங்கற அச்சு. பிசி547ஐ தட்டைப் பக்கம் நம்மளப் பாக்கற மாதிரி புடிச்சா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே சைஸுல வர்ற பிஎன்2222 டிரான்சிஸ்டர் அப்படியே தலைகீழா, எமிட்டர், பேஸ், கலெக்டர். என்கிட்ட முன்னாடி வந்த ஒரு பையன் இதைப் பாக்காம ஆர்டர் போட்டு அஞ்சு போர்டும் வீண், அப்புறம் ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் திருப்பிப் போட்டு ஒப்பேத்தினான். பாகத்தோட டேட்டாஷீட்டை, அதைப் பண்ற கம்பெனி குடுக்கற விவரத் தாளை, தொறந்து பாத்துட்டுத்தான் ஃபுட்பிரின்ட் வைக்கணும், லைப்ரரியில யாரோ போட்டு வச்சதை நம்பாத.

அது முடிஞ்சதும் பிசிபியா மாத்தச் சொன்னா எல்லாப் பாகமும் குவியலா வந்து விழும், நடுவுல நூல் நூலா கோடுங்க தெரியும், எதோட எது சேரணும்னு காட்டறது. கோடெல்லாம் தானே இழுக்கற ஆட்டோ ரூட்டர்னு ஒரு பட்டன் ஆசை காட்டும், தொடாத. மொதல்ல நாலு மூலையில ஸ்க்ரூ ஓட்டை, அப்புறம் ஒயர் வந்து மாட்டற டெர்மினல் எல்லாம் ஓரத்துல, ரிலே அதோட டெர்மினலுக்குப் பக்கத்துல, டிரான்சிஸ்டரும் டயோடும் ரிலேவை ஒட்டி, தொட்டியில இருந்து வர்ற சென்சார் ஒயர் எதிர்ப்பக்கம். கோடு இழுக்கறது அதுக்கப்புறம்தான். சிக்னலுக்கு மெல்லிசா போதும், கரன்ட் அதிகம் போற எடத்துல அகலம் வேணும், சாதாரண 35 மைக்ரான் செம்புல 1 மில்லிமீட்டர் கோடு 2 ஆம்பியர் மாதிரி தாங்கும். கடைசியா டிஆர்சிங்கற தப்பு தேடற சோதனையை ஓட்டு, எங்க முட்டுது, எங்க விட்டுப் போச்சுன்னு அதுவே சொல்லும்.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்தப் படத்தை அப்படியே ஒண்ணுக்கு ஒண்ணு அளவுல பேப்பர்ல பிரின்ட் எடுத்து, கையில இருக்கிற பாகத்தையெல்லாம் அது மேல வச்சுப் பாரு, கால் ஓட்டையில உக்காருதான்னு. ஜெராக்ஸ் கடையில ஃபிட் டு பேஜ் போட்டுக் குடுத்துருவாங்க, அளவு மாறிரும், அதை எடுக்கச் சொல்லிட்டு ஸ்கேல் வச்சு அளந்துக்கோ. இந்த ரெண்டு ரூவா பேப்பர் காப்பாத்தின காசு கொஞ்ச நஞ்சமில்ல. எல்லாம் சரின்னா ஜெர்பர் ஃபைலை, போர்டு பண்ற கடைக்குக் குடுக்கற ஃபைலை, இறக்கு. ஈசிஈடிஏ சீனாவுல இருக்கிற அவங்க போர்டு கம்பெனிக்கே ஆர்டர் போடச் சொல்லும், குறைஞ்சது அஞ்சு போர்டு. போர்டு மலிவு, கப்பல் கூலியும் கஸ்டம்ஸும் சேந்தா மலிவு போயிரும். ஜெர்பர்ங்கறது எல்லாக் கடைக்கும் பொது பாஷை, பெங்களூரு, காந்திநகர்ல பண்றவங்களுக்கும் அதே ஃபைலை அனுப்பி விலை கேக்கலாம். மொத போர்டுக்கு அப்பாகிட்ட காசு கேக்கலாம், ரெண்டாவதுக்குக் கேக்காத, தோட்டத்துக்காரங்க நாலு பேருக்குப் பண்ணிக் குடு.

குறையும் சொல்லிர்றேன். நெட் போனா வேலை போச்சு, டிசைன் அவங்க சர்வர்ல இருக்கும், அதனால வாரம் ஒரு தடவ இறக்கி வச்சுக்கோ. கம்பெனிக்குப் போனப்புறம் அவங்க டிசைனை இங்கெல்லாம் போட விடமாட்டாங்க, அங்க ஆல்டியம் மாதிரி விலை ஜாஸ்தியானது இருக்கும். நடுவுல கைகேட் இருக்கு, 1992ல பிரான்ஸ்ல ஒரு வாத்தியார் ஆரம்பிச்சது, முழுசா இலவசம், நல்ல கம்ப்யூட்டர் கிடைச்சதும் அதுக்கு மாறிக்கலாம். ஒண்ணுல ஒழுங்கா கத்துக்கிட்டா அடுத்ததுக்குப் போறது ஸ்ப்ளெண்டர் ஓட்டறவன் பல்சர் எடுக்கற மாதிரிதான்.

அண்ணா, சம்பளத்தையும் மறைக்கல. சின்ன ஹார்டுவேர் கம்பெனியில மொத ரெண்டு மூணு வருஷம் ஐடிக்காரங்களை விட கம்மியாதான் வரும். மச்சான் அதைத்தான் சொல்லிக் காட்டப் போறாரு. கடன் இல்லாத கம்மி சம்பளமும் 12 லட்சம் கடனோட அதிக சம்பளமும் ஒண்ணு இல்லைன்னு அவருகிட்ட சொல்லுங்க, அதுவும் அந்த அதிக சம்பளம் நிச்சயமான்னு கேளுங்க. காலேஜ் தொறக்கறதுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள பாப்பா ஒரு போர்டு முடிக்கட்டும். பாதியில தூக்கிப் போட்டுட்டு எனக்கு இது வேண்டாம்னு சொன்னா அதுவும் நல்லதுதான், ஒரு ரூவா செலவில்லாம தெரிஞ்சுக்கிட்டோம், அப்ப வேற பேசலாம். கவுன்சலிங்குக்கு மட்டும் பதிவு பண்ணிருங்க, பேங்க்குக்குப் போகாதீங்க.

ஒரு விஷயத்துல மட்டும் ரெண்டு பேருக்கும் கண்டிப்பா சொல்றேன். ஸ்டார்ட்டர் பெட்டியை லைன் இருக்கும்போது தொறக்கவே கூடாது, மூணு பேஸ், 415 வோல்ட், மெயின் ஸ்விட்சை எறக்கி ஃபியூஸ் கட்டையைக் கையில எடுத்துக்கிட்டு அப்பா பக்கத்துல நின்னாத்தான் கை வைக்கணும்.

நேத்து ராத்திரி பாப்பா மொத லேஅவுட்டோட லிங்க் அனுப்பியிருந்துச்சு, ஒரு வாரம் சிமுலேட்டர்னு சொன்னதைத் தாண்டி மூணே நாள்ல. டெர்மினல் எல்லாம் ஓரத்துல அழகா உக்காந்திருக்கு, டயோடும் சரி. ஆனா கண்ணு, ரிலேகிட்ட 230 வோல்ட் கோட்டுக்கும் 12 வோல்ட் கோட்டுக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர்தான் விட்டிருக்க. அங்க 6ல இருந்து 8 மில்லிமீட்டர் வேணும், எடம் பத்தலைன்னா ரிலேவுக்குக் கீழ போர்டுல நீளமா ஒரு ஸ்லாட் வெட்டு. மாத்திட்டு திரும்ப லிங்க் அனுப்பு, அப்புறமா பிரின்ட் எடுக்கப் போலாம்.