சேற்றில் நிற்கும் குதிரைகள்: கிராவல் கொட்டினால் தீருமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே, வேலியடைத்த ஒன்றரை ஏக்கரில் இரண்டு கத்தியவார் இனக் குதிரைகளை மேயவிட்டு வளர்க்கிறேன். ஐப்பசி அடைமழை தொடங்கியதிலிருந்து கேட்டின் அருகிலும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கணுக்கால் புதையும் சேறு. ஒரு குதிரையின் பின்னங்குளம்பில் துர்நாற்றமும் வீசுகிறது. நான்கு லோடு கிராவல் கொட்டினால் சரியாகுமா?

பதில்: கிராவலுக்குச் சொல்லியிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நம் பகுதியில் கிராவல் என்று விற்பது பெரும்பாலும் களி கலந்த செம்மண். வண்டித்தடத்தில் அது கெட்டிப்படுவதற்கு அந்தக் களியே காரணம் என்றாலும், மழைநீரும் லத்தியும் (குதிரைச் சாணம்) சேர்ந்து குளம்புகள் மிதிக்க மிதிக்க, அதுவும் சேறாகிவிடும்.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது, குதிரைகளை அந்த நிலத்திலிருந்து வெளியேற்றுவதுதான். மழை விட்டதும் ஒரு குளம்புத் தடத்தைக் குனிந்து பாருங்கள். ஓரம் வரப்புபோல் எழும்பி, நடுவில் கலங்கல் நீர் தேங்கியிருக்கும். அடிமண்ணை விரலால் கீறினால் வழுவழுவென்று ஒட்டும். முன்னூறு கிலோவுக்கு மேற்பட்ட எடை சிறிய குளம்புகளின் வழியே இறங்குவதால், ஈரமண்ணின் நுண்துளைகள் நசுங்கி அடைபட்டு, நீர் கீழே இறங்க வழியின்றி நிற்கிறது. மறுநாள் அங்கே விழும் குளம்பு இன்னும் ஆழமாகப் புதைந்து புல்லின் வேரையும் அறுக்கிறது. மழை இரண்டு நாளில் ஓய்ந்தாலும் சேறு வாரக்கணக்கில் காயாதிருப்பது இதனால்தான். ஆகவே, உங்கள் குதிகாலை ஊன்றி எடுத்த தடத்தில் நீர் ஊறினால், அன்று குதிரையை உள்ளே விட வேண்டாம்.

அதற்கு மாற்றாக, கொட்டகையை ஒட்டிய மேடான இடத்தில் குதிரைக்கு இரண்டு சென்ட் வீதம் ஒரு மழைக்காலப் பட்டி அமையுங்கள். இளகிய சேற்றைக் கெட்டி மண் தெரியும்வரை வழித்தெடுத்து, நீரை மட்டும் வடியவிட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன்மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லியை அரையடி உயரத்துக்குப் பரப்பி, ஜல்லியின் முனை குளம்பைக் குத்தாதபடி மூன்று அங்குலம் கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது விழும் தூள்) போட்டு, லேசான சரிவுடன் நீர் தெளித்து இறுக்க வேண்டும். துணியை மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஜல்லி அடுத்த மழைக்குள் மண்ணுக்குள் அமிழ்ந்துவிடும். இந்த ஈரத்தில் டிப்பர் வந்தால் நிலம் மேலும் குழம்பும் என்பதால், இவ்வேலையைத் தை மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கொட்டகைத் தரையிலேயே குதிரைகளைக் கட்டி, நாள்தோறும் கெட்டியான பாதையில் நடத்திவாருங்கள். கேட்டருகே மட்டும் சேற்றை வழித்துவிட்டு மரச்சில்லுகளைக் கனமாகப் போடலாம். அவை மட்கினால் மீண்டும் சேறாகும் என்பதால், மழைக்காலம் முடிந்ததும் அள்ளிவிட வேண்டும்.

கொட்டகைக் கூரையின் ஓரத்தில் மழைநீரை ஏந்தும் தகர வாய்க்கால் உள்ளதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். அது பட்டிக்குள் விழாமல் குழாய் வழியாக வெளியேற்றுவது, மேற்சொன்ன எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்த வேலை. லத்தியையும் தினமும் அள்ளுங்கள்.

குளம்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அடிப்பகுதியிலுள்ள முக்கோண மென்பகுதியின் இரு பக்கப் பள்ளங்களையும் கொக்கியால் சுத்தம் செய்யும்போது, கறுப்பாகக் குழைந்து நாற்றமடிக்கும் கசிவு வந்தால் அது குளம்பழுகல். தினமும் சுத்தம் செய்து, நன்கு உலர்த்தி, பொவிடோன் அயோடின் கரைசல் தடவுங்கள். நொண்டினாலோ, தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்தாலோ, குத்துக்காயம் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரை அன்றே அழையுங்கள். குதிரைகளை டெட்டனஸ் எளிதில் தாக்கும், தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். காலில் ஒட்டிய சேற்றை ஒவ்வொரு மாலையும் பீய்ச்சிக் கழுவுவது தவறு. ஓயாத ஈரத்தில் தோல் ஊறி, கிருமி புகுந்து, பொருக்குப் புண்ணாகிவிடும். உலரவிட்டுப் பிரஷ்ஷால் தட்டிவிடுவதே நல்லது.

மழை ஓய்ந்து நிலம் சற்று இறுகியதும், குழிகளைச் சமன்செய்து, புல் போன இடங்களில் அறுகம்புல் தண்டுகளை ஊன்றுங்கள். அது படர்ந்து வேர்விடுவதால் மிதியைத் தாங்கும். நிலத்தை மூன்று பங்காகத் தடுத்து, புல் அரையடி வளர்ந்த பங்கில் மட்டும் மேயவிட்டு, மூன்று அங்குலத்துக்குக் குறைவதற்குள் அடுத்த பங்குக்கு மாற்றுங்கள்.