இனிஷியல் எங்கே போகும்? கனடா செல்வோர் கேள்வி - பதில்

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலி. முழுப் பெயரும் ‘கிவன் நேம்’ கட்டத்தில் இருக்கிறது. கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேமாகப் போடலாமா?
– வாசகி, கோவை

பதில்: போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் விண்ணப்பத்தில் வந்தால் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடும். சர்நேம் இல்லாதவர்கள், கிவன் நேமில் உள்ளதை அப்படியே ‘ஃபேமிலி நேம்’ (சர்நேம்) கட்டத்தில் எழுதிவிட்டு, கிவன் நேம் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கனடா குடிவரவுத் துறையின் விதி இதுதான். அமெரிக்க விசாக்களில் வரும் ‘எஃப்.என்.யு.’வை (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) நீங்களாக எழுதிவைக்க வேண்டாம்.

ஆனால் இப்படிப் போனால் பி.ஆர். அட்டையில் தொடங்கி சின் எண் (சமூகக் காப்பீட்டு எண்), ஹெல்த் கார்டு, ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு என எல்லாவற்றுக்கும் அதே வடிவம்தான் தொடரும். முதல் பெயர் கட்டாயம் என்று கேட்கும் இணையப் படிவம் ஒவ்வொன்றிலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், ஊரிலேயே பாஸ்போர்ட் மறுவழங்கலுக்குப் போட்டு, பெயரை இரண்டாகப் பிரித்து வாங்கிவிடுங்கள். அங்கே போய் மாற்றுவது வீண் அலைச்சல்: ஒன்டாரியோ மாகாணத்தில் பெயர் மாற்ற 12 மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும், கட்டணம் 137 டாலர். அதற்குப் பிறகு இந்தியப் பாஸ்போர்ட்டையும் திருத்த வேண்டும்.

பிரிக்கும்போது வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். நம் வழக்கப்படி கணவருக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைகளுக்குக் கணவர் பெயர், உங்களுக்கு உங்கள் அப்பா பெயர் என்று போட்டால் ஒரே வீட்டில் மூன்று சர்நேம். சட்டப்படி தப்பில்லை. ஆனால் நீங்கள் மட்டும் பிள்ளையோடு பயணம் செய்தால் எல்லையில் கேள்வி வரலாம். பிறப்புச் சான்றிதழும், நோட்டரி முன் கணவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

மதிப்பெண் பட்டியலில் ‘செ. கவிதா’, பாஸ்போர்ட்டில் வேறு வடிவம் என்றால், இரண்டும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரத்தையும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: குடியேறும்போது 40 பவுன் நகை கொண்டுபோனால் வரி உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: வருவதற்கு முன்பே உங்களுடையதாக இருந்து, நீங்கள் அணிந்து பழகிய நகை என்றால் வரி இல்லை. ஒரே பொருள் 10,000 கனடிய டாலருக்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், கூடுதல் தொகைக்கு மட்டும் வரி. முதல்முறை இறங்கும்போதே சுங்க அதிகாரியிடம் பொருள் பட்டியலைக் கொடுக்க வேண்டும்: இப்போது கொண்டுவருவது ஒன்று, பின்னால் வரப்போவது இன்னொன்று. பலர் கோட்டைவிடுவது இரண்டாவதில்தான். பட்டியலில் இல்லாமல் அடுத்த பயணத்தில் வரும் நகைக்கு வரிச்சலுகை கேட்பது கடினம். ‘தங்கச் சங்கிலி’ என்று மட்டும் எழுதினால் போதாது. எடை, வேலைப்பாடு, மதிப்பு எழுதி, நகைக்கடைக்காரர் தேதியிட்டுக் கையெழுத்திட்ட புகைப்படத்தையும் இணையுங்கள். கொண்டுவந்த 12 மாதத்துக்குள் விற்றால் வரி கட்ட வேண்டிவரும். ரொக்கம் 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கனடா பன்முகப் பண்பாட்டு நாடாயிற்றே, அங்கே பள்ளியில் தமிழ் கற்றுத் தருவார்களா?
– வாசகி, மதுரை

பதில்: வழக்கமான பாடவேளையில் எதிர்பார்க்காதீர்கள். பன்முகப் பண்பாடு 1971இல் அரசுக் கொள்கையாகவும் 1988இல் சட்டமாகவும் ஆனது உண்மை. ஆட்சி மொழிகள் இன்றும் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். ஒன்டாரியோவில் 25 பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்டால், கல்வி வாரியம் அந்த மொழி வகுப்பை நடத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் வரை, பெரும்பாலும் மாலையிலோ சனிக்கிழமையிலோ இருக்கும். டொராண்டோவில் தமிழ் வகுப்புகள் ஏற்கெனவே நடக்கின்றன. பிள்ளையைச் சேர்க்கும் அன்றே பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபின் தமிழைப் பாடமாகவே எடுத்து கிரெடிட்டும் (பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் சேரும் பாட அலகு) வாங்கலாம்.