ஏப்ரலில் இரவிகுளம்: பூவும் வரையாடும்

கேள்வி: மூணாறு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு ஏப்ரல் மாதத்தில் குடும்பத்துடன் சென்று, அன்றே ஊர் திரும்ப எண்ணியுள்ளோம். பிள்ளைகளுக்குக் குறிஞ்சிப் பூவையும் வரையாட்டையும் காட்ட வேண்டும். எழுபது வயதைக் கடந்த என் தாயாரும் உடன் வருகிறார். அவரால் இயலுமா?
– வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: குறிஞ்சியைக் காட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, இரவிகுளத்தில் 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. இனி 2030இல்தான் பூக்கும், அதுவும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை ஒட்டி. வழியில் தேயிலைத் தோட்டங்களின் ஓரம் ஊதா நிறத்தில் பூத்து நிற்கும் ஜகரண்டா மரங்களைப் பலர் குறிஞ்சி என்றே எண்ணிவிடுகிறார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம். இந்த மலைக்கே உரிய பூவைக் காண விரும்பினால், சோலைக்காட்டின் ஓரத்திலும் புல்வெளிச் சரிவிலும் முறுக்கிக்கொண்டு நிற்கும் காட்டுப்பூவரசு மரங்களைத் தேடுங்கள். ரோடோடென்ட்ரான் எனப்படுவது இதுவே. பனியையும் காட்டுத்தீயையும் தாங்கும் தடித்த பட்டையும், கிளை நுனிகளில் கொத்தாகக் குருதிச் சிவப்பில் மலரும் மணி போன்ற பூக்களும் அதன் அடையாளம். ஏப்ரலில் அதன் பூக்காலம் முடியும் தறுவாயில் இருக்கும். எஞ்சிய கொத்துகளையேனும் காணலாம்.

வரையாட்டைக் காண இதைவிட ஏற்ற மாதம் இல்லை என்பது என் எண்ணம். ஆடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். அந்த இரண்டு மாத அமைதியின் பயனைத்தான் நாம் ஏப்ரலில் காண்கிறோம்: கால் வைக்கவும் இடமில்லாத பாறை விளிம்பில் தாய் நடக்க, பிறந்து சில வாரங்களே ஆன குட்டி தயங்காமல் பின்னால் தாவிச் செல்லும். முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு உள்ள கருத்த ஆடு, முதிர்ந்த கிடா. 2025இல் கேரள, தமிழக வனத்துறைகள் சேர்ந்து நடத்திய கணக்கெடுப்பில் தெரியவந்த 2,668 வரையாடுகளில் 841 இங்கே வாழ்பவை. அவை பாதையோரம் வரை அஞ்சாமல் வரும். அருகில் வருகிறதே என்று பிஸ்கட்டை நீட்டுவதும் தொட முயல்வதும் கூடவே கூடாது. மனிதர் தந்ததைத் தின்று பழகிய ஆடு, மலையை விட்டுச் சாலைக்கு வரத் தொடங்கும்.

தங்கள் தாயார் தாராளமாக வரலாம். சொந்த வாகனங்களை நுழைவாயிலில் நிறுத்திவிட்டு, வனத்துறைப் பேருந்தில் ராஜமலைக்குச் செல்ல வேண்டும். அதற்குமேல் செல்வது சீரான ஏற்றப் பாதை. முடிந்தவரை நடந்து, மூச்சு வாங்கினால் அவர் அங்கேயே அமர்ந்துகொள்ளட்டும்; ஆடுகள் அங்கேயும் மேயும். தொப்பியும் ஒரு கம்பளிச் சால்வையும் அவருக்குத் தேவைப்படும்.

மறையூர் வழியாக வருவதால், மூணாறு நகருக்கு முன்பே பூங்கா வாயில் வந்துவிடும். விடுமுறைக் கூட்டத்தைத் தவிர்க்க நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்து, காலையில் சோதனைச்சாவடி திறந்ததும் புறப்பட்டுவிடுங்கள். திரும்பும்போது, யானைகள் நடமாடும் சின்னாறு காட்டை இருட்டுவதற்கு முன் கடந்தாக வேண்டும். இரவில் அவ்வழியே வாகனங்களை அனுமதிப்பதில்லை.

குட்டி ஈனும் காலம் நீண்டால் பூங்கா திறப்பதும் தள்ளிப்போகும் என்பதால், வனத்துறை அறிவிப்பைப் பார்த்த பிறகே நாள் குறியுங்கள். அப்படித் தள்ளிப்போனால், ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் மலைச்சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் சற்று நேரம் காத்திருந்து பாருங்கள். அந்தப் பாறைச்சரிவிலும் வரையாடுகள் மேய்வதுண்டு.