வாசகர் கேள்வி: வெள்ளி போன வழி

கே: ஸ்பானியர் அமெரிக்காவில் வெட்டியெடுத்த வெள்ளி சீனாவில் போய்க் குவிந்தது ஏன்?
– வாசகர், விருதுநகர்

ப: விலைதான் காரணம். 1600-ஐ ஒட்டி ஐரோப்பாவில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் 12 பங்கு வெள்ளி. சீனாவில் 6, 7 பங்கே போதும். அதாவது, அங்கே வெள்ளிக்கு மதிப்பு ஏறக்குறைய இருமடங்கு. அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு வரியையும் வெள்ளியாகவே கேட்டது. 1571-இல் மணிலா ஸ்பானியர் கைக்கு வந்தபின், மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்துக் கப்பல்கள் வெள்ளியோடு அங்கே போய்ச் சீனப் பட்டும் பீங்கானும் ஏற்றி வந்தன. போக மூன்று மாதம். வர நான்கு முதல் ஆறு, ஏனென்றால் ஜப்பான் பக்கம் வடக்கே ஏறித்தான் மேலைக்காற்றைப் பிடிக்க வேண்டும். தாமதமாகக் கிளம்பினால் புயல். பேராசையில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றியதும் ஆபத்தைக் கூட்டியது.

கே: மட்டமான தாதுவில் வெள்ளியைப் பிரித்தது எப்படி?

ப: 1554-இல் மெக்சிகோவின் பச்சுக்காவில் பார்த்தலோமே தெ மெதினா புகுத்திய முறை இது. மாவாக அரைத்த தாதுவில் நீர், உப்பு, பாதரசம், பிறகு மயில்துத்தம் போன்ற செப்பு உப்பும் கலந்து களத்தில் பரப்புவார்கள். முதலில் ஆட்கள் மிதித்தார்கள், பின்னாளில் கோவேறு கழுதைகள். சில வாரங்களில் வெள்ளி பாதரசத்தோடு சேர்ந்துவிடும். கழுவி, துணியில் பிழிந்து, சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி வெள்ளி மிஞ்சும். அந்த ஆவி தொழிலாளிகளை என்ன பாடு படுத்தியிருக்கும்! குளிரில் வினை மந்தமாகும். செப்பு உப்பு கூடிப்போனால் பாதரசம் வீணாகும். அதற்குச் சுண்ணாம்பு சேர்த்துத் தணிப்பார்கள்.