சின்ன எலும்புகளின் மேல் ஒரு பழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ மெக்ஸிகோவின் கோஸ்ட் ராஞ்ச் அகழ்விடம் பற்றிய உங்கள் கட்டுரையை மகளோடு சேர்ந்து படித்தேன். அங்கே கிடைத்த சீலோபைசிஸ் என்ற சிறிய ஊனுண்ணி டைனோசர் தன் இனத்துக் குட்டிகளையே தின்னும் என்று பள்ளி நாட்களில் படித்தது நினைவுக்கு வந்து அவளிடம் சொன்னேன். "அது தப்பும்மா, எப்பவோ மாத்திட்டாங்க" என்றாள். இத்தனை காலம் உண்மை என்று சொன்னதை எப்படி மாற்றுகிறார்கள்? எலும்பை வைத்துக்கொண்டு ஒரு விலங்கு எதைத் தின்றது, எப்படி ஓடியது என்று சொல்வதையெல்லாம் எந்த அளவுக்கு நம்பலாம்?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று பார்த்தால், நம்பலாமா என்ற உங்கள் கேள்விக்கும் வழி கிடைக்கும்.

1881இல் டேவிட் பால்ட்வின் என்ற சேகரிப்பாளர் நியூ மெக்ஸிகோவில் பொறுக்கிய எலும்புகளை ஒரு பையில் போட்டு, எட்வர்ட் கோப் என்ற ஆய்வாளருக்கு அனுப்பினார். எல்லாமே சிறியவை, மென்மையானவை, தலை இல்லை, பல் ஒன்றே ஒன்று என்று அதன் சீட்டில் எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த சீட்டு அது. என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. 1889இல் கோப் அந்த விலங்குக்கு சீலோபைசிஸ் என்று பெயர் வைத்தார். உள்ளீடற்ற வடிவம் என்று பொருள். எலும்புகள் குழல் போல இருந்ததால் அந்தப் பெயர்.

சின்ன ஊனுண்ணிகள் அரிதாகக் கிடைப்பதற்கும் அந்தக் குழல் எலும்புதான் முக்கியக் காரணம். தடித்த தொடையெலும்பு வெள்ளத்தில் உருண்டாலும் தாங்கும். மெல்லிய சுவருள்ள எலும்பு மண் மூடுவதற்குள் நொறுங்கிவிடும், அல்லது வேறு விலங்குகள் மென்று தீர்த்துவிடும். தப்பியதும் கூழாங்கற்களுக்கு நடுவே கண்ணில் படாது.

அதனால்தான் 1947இல் நடந்தது அவ்வளவு பெரிய விஷயம். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எட்வின் கோல்பர்ட், அரிசோனாவுக்குப் போகும் வழியில் கோஸ்ட் ராஞ்சில் சில நாள் தங்கினார். அவருடைய உதவியாளர் ஜார்ஜ் விட்டேக்கர் ஒரு சரிவில் எலும்புத் துணுக்குகளைப் பார்த்தார். அவை சீலோபைசிஸின் எலும்புகள் என்று கோல்பர்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. அரிசோனா பயணத்தை விட்டுவிட்டு அங்கேயே தோண்டினார்கள். 20 கோடி ஆண்டுகளுக்கும் மேலான பாறையில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

இப்படிக் குவிந்து கிடக்கும் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க முடியாது. சுற்றிலும் பள்ளம் வெட்டி, சாக்குத்துணியைச் சாந்தில் நனைத்துச் சுற்றி, கை உடைந்தால் போடுவோமே, அதே மாவுக்கட்டு போட்டுப் பாறையோடு பெயர்த்தெடுக்கிறார்கள். பிறகு ஆய்வகத்தில் உருப்பெருக்கியின் கீழே ஊசியால் மணல் மணலாகச் சுரண்ட வேண்டும். பொறுமை என்ற சொல்லெல்லாம் இந்த வேலைக்குப் போதாது. கோல்பர்ட்டின் முழு விவரிப்பு நூல் 1989இல்தான் வந்தது. தோண்டத் தொடங்கி 42 ஆண்டுகள்!

இப்போது அந்தப் பழிக்கு வருவோம். வளர்ந்த இரண்டு எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் சின்ன எலும்புகள் தெரிந்தன. பிறக்காத குட்டியாக இருக்க வாய்ப்பில்லை, அதற்கு அவை பெரியவை. அப்படியானால் தின்றிருக்க வேண்டும். சுற்றிலும் சீலோபைசிஸ்களே கிடந்ததால் தின்றதும் சீலோபைசிஸ் குட்டியைத்தான் என்று கோல்பர்ட் முடிவு செய்தார். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மறுபடி பார்த்தவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனித்தார்கள். ஒன்றில், குட்டியின் எலும்புகள் பெரியதன் விலா எலும்புகளுக்கு அடியில் கிடந்தன, உள்ளே இல்லை. இரண்டு உடல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மண்ணில் நசுங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். இன்னொன்றில், எலும்புகள் உண்மையாகவே வயிற்றுக்குள் இருந்தன. ஆனால் தொடையெலும்பின் வடிவம் டைனோசருடையது இல்லை. சீவலாக வெட்டி நுண்ணமைப்பைப் பார்த்தபோதும் அதுவே உறுதியானது. முதலை வம்சத்தின் ஆதி உறவான ஒரு சிறு விலங்கு அது. 2006இல் இது வெளிவந்தது. சீலோபைசிஸ் தன் இனத்தைத் தின்னவே தின்னாது என்று இதற்கு அர்த்தமில்லை. இன்றைய முதலைகளே சமயத்தில் தம் இனக் குட்டிகளைத் தின்கின்றன. அந்த இரண்டு எலும்புக்கூடுகள் அதற்குச் சாட்சி இல்லை என்பது மட்டுமே இப்போது தெரிந்தது.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1850களில் ஜெர்மனியின் பவேரியாவில் காம்ப்சோக்னாதஸ் என்ற, கோழியைவிடச் சற்றே பெரிய டைனோசர் கிடைத்தது. அதன் வயிற்றுக்குள் இருந்த குட்டி எலும்புக்கூட்டைக் கருவாக இருக்கலாம் என்று ஓதனியல் மார்ஷ் எண்ணினார். 1903இல் ஃபிரான்ஸ் நோப்சா அது பல்லி என்று காட்டினார். நீண்ட வாலும் நீண்ட பின்னங்கால்களும் கொண்ட, வேகமாக ஓடக்கூடிய பல்லி. அதைப் பிடித்த விலங்குக்குக் கூர்மையான பார்வையும் வேகமும் இருந்திருக்க வேண்டும். தவறான ஊகம் போன இடத்தில் அதைவிட நல்ல செய்தி கிடைத்துவிட்டது, பாருங்கள்.

அதனால் எதை நம்பலாம் என்று கேட்டால், எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்பேன். பின்னோக்கி வளைந்த, விளிம்பில் ரம்பம் போன்ற பல் இருந்தால் அது இறைச்சியை அறுத்த பல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீலோபைசிஸ் மூன்று மீட்டர் வரை நீண்டாலும் எடை 20 கிலோ அளவுதான் என்பதும் எலும்பின் அளவுகளிலிருந்து வரும் கணக்கு, முன்பின் இருக்கலாம். கூட்டமாக வேட்டையாடியது, குட்டிகளை வளர்த்தது என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கிறேன். நூற்றுக்கணக்கான உடல்கள் ஒரே இடத்தில் கிடந்தால், சேர்ந்து செத்தன அல்லது வெள்ளம் சேர்த்துக் குவித்தது என்பது வரைதான் அந்தக் குவியல் சொல்கிறது. சேர்ந்து வாழ்ந்தனவா என்பது வேறு கேள்வி.

திருத்த முடிந்ததற்குக் காரணமும் எளிமையானதுதான். அந்த எலும்புகளை யாரும் தூக்கிப் போடவில்லை. எண் போட்டு, எந்தப் பாறையில் எப்படிக் கிடந்தன என்ற குறிப்போடு வைத்திருந்தார்கள். கோல்பர்ட் பார்த்த அதே எலும்பை அரை நூற்றாண்டு கழித்து இன்னொருவர் எடுத்துப் பார்க்க முடிந்தது.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். கோஸ்ட் ராஞ்ச் எலும்புக்கூடுகளின் பெரிய படம் ஒன்றைக் காட்டி, எந்த விலா எலும்பு மேலே, எது கீழே என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நானும் செய்து பார்த்தேன். ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது, பாதிகூட முடியவில்லை. அவள் என்ன கண்டுபிடித்தாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.