ஆடம்பர ஹோட்டல்களில் சரவிளக்கும் தங்க முலாமும் குறைந்து வருவது ஏன்?

பளபளப்பு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்பதை அது சொல்லாது. அதனால்தான் வடிவமைப்பாளர்கள் உள்ளூர்ப் பொருட்களின் பக்கம் திரும்புகிறார்கள்.

2014இல் திறந்த அமான் டோக்கியோ ஹோட்டலைப் பாருங்கள். ஓட்டேமாச்சி டவர் என்ற கோபுரத்தின் மேல்மாடிகளில் கெர்ரி ஹில் என்ற கட்டடக்கலை நிறுவனம் அதை வடிவமைத்தது. வரவேற்புக் கூடத்தின் கூரை கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம். அதில் விளக்குகளை மறைத்து, ஜப்பானின் வாஷி காகிதத்தை விரித்திருக்கிறார்கள். வெளிச்சம் அதன் வழியாகப் பரவி வருவதால் கண் கூசாது, நிழலும் கடுமையாக விழாது. சரவிளக்கால் இது முடியாது. அப்புறம், அறைகளில் அந்நாட்டு வழக்கப்படி ஆழமான ஃபுரோ குளியல்தொட்டி.

எனக்கு மிகவும் பிடித்தது, நிலம் அவ்வளவு விலை விற்கும் நகரத்தில் இத்தனை பெரிய கூடத்தைப் பொருட்களால் நிரப்பாமல் விட்ட துணிச்சல்தான்.