எரிந்த கட்சியா, எரியாத கட்சியா?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நிகழ்த்துகலையையும் தத்துவத்தையும் சேர்த்து ஊர் மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கும் மூன்று நண்பர்களுக்கும் ஆசை. 2010இல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் மரினா அப்ரமோவிச் என்ற நிகழ்த்துகலைஞர் செய்ததுபோல, பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தேன். எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு பாட்டி மட்டும்தான். "யாருக்காகத் தம்பி காத்துக்கிட்டிருக்கே?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. பிறகு நண்பர் 'இருத்தல்' என்ற தத்துவக் கருத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் முடித்தபோது எங்களைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் ஊருக்குத் தத்துவம் ஏறாதா?

பதில்: ஏறும் தம்பி. உங்கள் பக்கத்தில் அது ஏறி ரொம்ப காலமாகிறது.

முதலில் அந்தப் பாட்டி விஷயம். அப்ரமோவிச் எதிரே உட்கார வந்தவர்கள் வரிசையில் காத்திருந்து, இந்த அம்மா பேசமாட்டார் என்று தெரிந்தே உட்கார்ந்தவர்கள். உங்கள் பாட்டிக்கு அப்படி ஒரு ஒப்பந்தமும் கிடையாது. நம் ஊரில் பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பதற்கு வேறு பெயர். அன்றைக்கு அங்கே கேட்கப்பட்ட ஒரே தத்துவக் கேள்வி அவருடையது. அதை விட்டுவிட்டு நண்பர் அரை மணி நேரம் வேறு எதையோ பேசியிருக்கிறார். இரண்டு பேர் இருந்ததே பெரிய விஷயம்.

சரி, லாவணி கேட்டிருக்கிறீர்களா? தஞ்சையில் 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆட்சி. அவர்களோடு வந்து ஒட்டிக்கொண்ட கலை அது. மாசி மாதம் காமன் பண்டிகையில் இரண்டு கட்சியாக உட்கார்ந்து, டேப் என்ற தோல் கருவியை அடித்துக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தாரே, மன்மதன் எரிந்தானா இல்லையா? எரிந்தான் என்பது எரிந்த கட்சி, இல்லை என்பது எரியாத கட்சி. அவன் மனைவி ரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிவான் என்பதும் கதையில் உண்டு. ஒருவர் கேள்வியைப் பாட்டாகப் போடுவார், எதிராளி பாட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும். உடம்பு போனால் ஆள் போய்விட்டானா என்று வகுப்பறையில் கேட்டால் கொட்டாவி வரும். அதே கேள்விக்குத்தான் ஊர் முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். அத்தை மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எரிந்த கட்சிக்காரர், "சாம்பலான பிறகு ரதியின் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரிவான்?" என்று மடக்கிவிட்டு டேப்பை ஒரு தட்டுத் தட்டினார். எதிராளி யோசிக்கிறார். அதற்குள் அத்தை, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாதவள், என் தலைக்கு மேலே முணுமுணுத்தாள்: "ஏன், உங்க மாமா எனக்குத் தெரியலையா?" மாமா போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. மேடையில் அன்று என்ன பதில் பாடினார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது.

ஆக, நீங்கள் செய்த பிழை ஒன்றுதான். நிகழ்ச்சியை முதலில் வைத்து, தத்துவத்தை அதன் வாலில் கட்டினீர்கள். கேள்வி ஆட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கூட்டம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். மணிமேகலையில் புகார் நகரத்து இந்திர விழாவுக்கு முரசறைகிறவன் தெருவை அலங்கரிக்கச் சொல்லும்போதே, சமயவாதிகளைப் பட்டிமண்டபம் ஏறி வாதாடவும் அழைக்கிறான். திருவிழாவும் தர்க்கமும் ஒரே அறிவிப்பில். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. தன்னையே தோற்றுவிட்ட தருமனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று துகிலுரிதல் இரவில் திரௌபதி கேட்கும்போது, சட்டக் கல்லூரிக்குப் போகாதவர்களும் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்த 'இருத்தல்' தலைப்பு வேண்டாம். நீங்கள் டெல்டாக்காரர், தண்ணீரை எடுங்கள். மேல்மடைக்காரர் தன் வயல் நிறைந்த பிறகும் மடையை அடைக்கவில்லை, கடைமடையில் பயிர் காய்கிறது. அது திருட்டா, இல்லையா? இரண்டு கட்சி. பாட்டு வராவிட்டால் பேச்சாகவே இருக்கட்டும், தாளத்துக்கு மட்டும் ஆள் வையுங்கள். பாதியில் கட்சி மாற்றிவிடுங்கள். இவ்வளவு நேரம் மேல்மடையைத் திட்டியவர் இப்போது அவருக்காக வாதாட வேண்டும். அங்கேதான் வேடிக்கையும் இருக்கிறது, நீங்கள் தேடும் தத்துவமும் இருக்கிறது. நடுவர் வைக்காதீர்கள். தீர்ப்பு சொன்னால் எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் மறுநாள் டீக்கடையில் தொடரும்.

இடம்தான் இதில் பெரிய தலைவலி. கோயில் வாசல் சுலபம்; கூட்டமும் தானாக வரும். ஆனால் அங்கே யார் முன்னால் வந்து உட்காரலாம், யார் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தெருவில் பாதிப் பேர் தயங்கி நிற்கிற இடத்தில் நீதியைப் பற்றி நாடகம் போடாதீர்கள். பஸ் ஸ்டாப் சரியான இடம், அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மைக் வைத்தால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அப்புறம், பக்கத்து ஊர்களில் லாவணி பாடிய பெரியவர் யாராவது இருந்தால் தேடிப் பிடியுங்கள். சால்வை போட்டு உட்கார வைக்காமல் பாடச் சொல்லுங்கள், பேசிய பணத்தைக் கையில் கொடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் பாட்டி வீட்டுக்குப் போய், அன்றைக்கு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மடைக் கேள்வியை அவரிடமே முதலில் போட்டுப் பாருங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள். உங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து.